பிரவுசரில் இலவசமாக எஸ்கேப் கேம், புதிர் கேம் ஆடப் போகிறீர்களா? நான் பட்ட பாட்டை நீங்கள் படவேண்டாம்

கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு அக்கா வீட்டில் கிடந்தபோது தொற்றிய பழக்கம் இது. ஒரு பழைய லேப்டாப், அக்கா வீட்டு வைஃபை, தீராத பகல். "இலவச எஸ்கேப் கேம்" என்று தேடிப் போனேன். பூட்டிய அறைக்குள் நம்மை விட்டுவிடுவார்கள், பொருள்களையும் குறிப்புகளையும் தேடிப் பூட்டைத் திறந்து வெளியே வரவேண்டும், அதுதான் எஸ்கேப் கேம். முதல் வாரத்தில் ஆடியதைவிட அவதிப்பட்டதுதான் அதிகம். "அப்டேட் செய்யவும்" என்று வந்த பட்டனை அழுத்தி, லேப்டாப்பைக் கடையில் கொடுத்து 800 ரூபாய் தண்டம் அழுதேன். நான்கு நாள் ஆடிச் சேர்த்த சேவ் ஒரே கிளிக்கில் போனது. இன்னொரு கேமில் விடிய விடிய ஒரே அறையைச் சுற்றினேன். காலையில்தான் தெரிந்தது, அந்தக் கேமே பாதியில் உடைந்து கிடந்தது என்று. நான் என்னவோ எனக்குத்தான் மூளை வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வகைக் கேம்களில் ஒருவர் முதலில் கற்க வேண்டியது அதுதான். மாட்டிக்கொண்டால், தப்பு உங்கள் பக்கமா, கேம் பக்கமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும். கீழே உள்ள வரிசையும் அதற்காகத்தான். அவசரப்பட்டு ஆறாவது படிக்குத் தாவாதீர்கள், 800 ரூபாய் ஞாபகம் இருக்கட்டும்.

1. என்ன வேண்டும், என்ன செலவாகும்

பிரவுசர் ஓடும் எந்தக் கம்ப்யூட்டரும் போதும். போனிலும் ஆடலாம். ஆனால் எஸ்கேப் கேமில் சுண்டைக்காய் அளவு இடத்தைத் தேடித் தொட வேண்டியிருக்கும். விரலைவிட மவுஸ் மேல்.

மொபைல் எண், ஓடிபி, கார்டு எதுவும் வேண்டாம். இன்றைய தேதியில் ஆதார் கேட்காத அபூர்வ இடங்களில் இதுவும் ஒன்று. ஆகவே, கேம் ஆரம்பிப்பதற்கு முன்பே போன் நம்பர் கேட்கும் தளம் எதுவானாலும் டேப்பை மூடிவிடுங்கள். நல்ல கேம்கள் கணக்குத் தொடங்காமலே ஓடும். கணக்கு கேட்டாலும் அது ஸ்கோர் சேர்த்துவைக்கத்தான் இருக்கும், தவிர்த்துவிட்டு ஆடலாம்.

காசுக்கணக்கு இப்படி. கேமுக்கு ஒன்றுமில்லை. டேட்டாவைத் தின்பது பெரும்பாலும் கேம் அல்ல, அதற்கு முன்னால் ஓடும் விளம்பர வீடியோ. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். மற்றபடி சில இடங்களில் "குளூ வேண்டுமா, விளம்பரம் பாருங்கள்" என்பார்கள், அது உங்கள் பொறுமைக்கு உட்பட்டது. "குளூ வேண்டுமா, பணம் கட்டுங்கள்" என்றால் வெளியே வந்துவிடுங்கள். அதே குளூ இலவசமாகவே கிடைக்கும், ஏழாவது படியில் சொல்கிறேன்.

ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துவையுங்கள். பேனா வேண்டாம், அழிக்க வேண்டியிருக்கும்.

2. ஆடும் முன் பிரவுசரைத் தயார் செய்யுங்கள்

விளம்பரத் தடுப்பு இல்லாமல் இலவசக் கேம் தளங்களுக்குள் போவது செருப்பில்லாமல் கருவேலங்காட்டுக்குள் போவது மாதிரி. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பு எக்ஸ்டென்ஷனை (பிரவுசரோடு சேரும் குட்டி மென்பொருள்) போட்டுக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸிலும் அது வேலை செய்யும். குரோமில் அதன் லைட் வடிவம் கிடைக்கிறது. எல்லாமே இலவசம். ஒரு தளம் நன்றாக இருக்கிறது, விளம்பரமும் தொல்லை தரவில்லை என்றால் அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை நிறுத்திவையுங்கள். கேம் செய்தவருக்கும் சோறு வேண்டும்.

இனி, என்னைப் போலச் சிக்காமலிருக்க மூன்று விஷயங்கள்.

கேம் ஓடும் பெட்டிக்கு மேலும் கீழும் பச்சை நிறத்தில் "பிளே", "ஸ்டார்ட்", "டவுன்லோட்" என்று கொழுத்த பட்டன்கள் இருக்கும். உண்மையான பிளே பட்டன் பெரும்பாலும் பெட்டிக்கு உள்ளே, சின்னதாக இருக்கும். வெளியே இருப்பது விளம்பரம்.

"நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ அழுத்துங்கள்" என்று வந்தால் அழுத்தாதீர்கள். அது நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கேட்கும் தந்திரம். அழுத்தினால் ராத்திரி ஒரு மணிக்கு "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று பெட்டி முளைக்கும். ஏற்கெனவே அழுத்தியிருந்தால் பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தின் பெயரை நீக்கிவிடுங்கள், நின்றுவிடும்.

மூன்றாவது, புதிர் கேம் விளம்பரம் என்று நம்பித் தொட்டால் காசு கட்டி ஆடும் ரம்மி மாதிரியான ஆப்புக்குக் கூட்டிப் போகும் வேலை. பிரவுசரில் ஆட வந்த உங்களுக்கு எந்த ஆப்பும் தேவையில்லை.

3. ஃப்ளாஷ் என்று எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள்

என் 800 ரூபாய் போன இடம் இது.

எஸ்கேப் கேம்களில் மணியான பலவும் ஃப்ளாஷ் என்ற பழைய தொழில்நுட்பத்தில் செய்தவை. பிரவுசரில் அவற்றை ஓட்ட ஃப்ளாஷ் பிளேயர் என்ற மென்பொருள் வேண்டியிருந்தது. ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அந்த பிளேயர் எந்தக் கேமையும் ஓட்டாமல் தானே தடுத்துக்கொண்டது. ஆக, இன்று எந்தத் தளமாவது "ஃப்ளாஷ் பிளேயரை அப்டேட் செய்யுங்கள்" என்றால், அப்டேட் செய்ய அங்கே எதுவுமே இல்லை. வருவது வேறு சரக்கு. என் லேப்டாப்பில் பிரவுசரின் முதல் பக்கம் மாறி, எதைத் தொட்டாலும் ஏதோ ஒரு கடைக்குப் போய் நின்றது.

பழைய கேம்களை ஆட நேர்மையான வழி ரஃபிள். ஃப்ளாஷ் போலவே நடிக்கும் இலவச மென்பொருள் அது. நியூகிரவுண்ட்ஸ், இன்டர்நெட் ஆர்கைவ் இரண்டிலும் ரஃபிளைத் தளத்திலேயே பொருத்தியிருக்கிறார்கள். அங்கே போய் கேமைத் திறந்தால் தானே ஓடும், நீங்கள் எதையும் இன்ஸ்டால் செய்யவேண்டியதில்லை. வேறு தளத்தில் ஏதாவது பழைய கேம் திறக்காமல் அடம்பிடித்தால் ரஃபிளின் பிரவுசர் எக்ஸ்டென்ஷனைப் போட்டுப் பார்க்கலாம். அதுவும் பிரவுசரின் சொந்த எக்ஸ்டென்ஷன் கடையிலிருந்து மட்டும்.

ரஃபிளால் எல்லாவற்றையும் ஓட்ட முடியாது. மிகப் பழைய கேம்கள் ஒழுங்காக ஓடும். ஃப்ளாஷின் பிற்காலத்தில், ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்ற மொழியில் எழுதியவற்றில் சில நடுவில் நின்றுவிடும். கதவு திறக்கும், அந்தப் பக்கம் வெறும் வெள்ளைத் திரை. அல்லது சாவி கையில் இருக்கும், பூட்டு அதை வாங்காது. விடிய விடிய நான் சுற்றியது இப்படிப்பட்ட ஒரு கேமில்தான். அதே கேம் நாலு இடத்தில் இருந்தால், ஒன்றில் நின்றதும் இன்னொன்றில் போய்ப் பாருங்கள்.

4. சேவ் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கணக்குத் தொடங்காமல் ஆடுகிறோம் அல்லவா, அப்படியானால் நாம் எவ்வளவு தூரம் வந்தோம் என்பது எங்கே பதிவாகிறது? பெரும்பாலும் உங்கள் பிரவுசருக்குள்ளேயே. அந்தக் கம்ப்யூட்டர், அந்தப் பிரவுசர், அந்தத் தளம் மூன்றும் சேர்ந்தால்தான் சேவ் கிடைக்கும். குரோமில் ஆடிவிட்டு ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் முதலிலிருந்துதான். ஒரே கேமை வேறு தளத்தில் திறந்தாலும் அப்படியே.

இன்காக்னிட்டோவில் ஆடினால் ஜன்னலை மூடியதும் சேவ் காலி. "குக்கீஸையும் தளத் தரவையும் அழி" என்பதை அழுத்தினால் எல்லாக் கேமும் காலி. லேப்டாப் மெதுவாக இருக்கிறதே என்று நான் அழுத்தியது அதைத்தான். ஐபோன், ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கண்டம் உண்டு. ஒரு தளத்தைத் தொடாமல் சஃபாரியை 7 நாள் பயன்படுத்திவிட்டால், அந்தத் தளம் உள்ளே எழுதிவைத்ததை சஃபாரி தானே அழித்துவிடும். ஊரில் சஃபாரியை மட்டும் தினமும் பயன்படுத்திவிட்டு, பத்து நாள் கழித்து வந்து கேமைத் திறந்தால் சேவ் இருக்காது. பக்கத்தை ஹோம் ஸ்கிரீனில் சேர்த்து, அங்கிருந்தே திறந்து ஆடுவதை வழக்கமாக்கினால் இந்தச் சிக்கல் வராது.

சில கேம்களில் சேவை வெளியே எடுத்துவைக்க வசதி இருக்கும். எக்ஸ்போர்ட் என்று இருந்தால் அது தரும் நீளமான எழுத்துக்கோவையை நகலெடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். ஒரு நிமிட வேலை. எந்த நீளமான கேமைத் தொடங்கினாலும் நான் இப்போது முதலில் தேடுவது அந்தப் பட்டனைத்தான்.

5. முதல் வாரம் எஸ்கேப் கேம் வேண்டாம்

சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். முதலில் சுத்தமான தர்க்கப் புதிர்களை ஆடுங்கள். அங்கே மாட்டிக்கொண்டால் தப்பு நூற்றுக்கு நூறு உங்களுடையது. அந்த நம்பிக்கை இல்லாமல் எஸ்கேப் கேமுக்குப் போனால் கேமையும் நம்பமாட்டீர்கள், உங்களையும் நம்பமாட்டீர்கள்.

இதற்கு நான் கைகாட்டுவது சைமன் டேதம் என்ற பிரிட்டிஷ் நிரலாளரின் போர்ட்டபிள் பஸில் கலெக்‌ஷன். பெயரை ஆங்கிலத்தில் அடித்தால் முதலில் வந்து நிற்கும். 40-ஐ ஒட்டிய புதிர் வகைகள், எல்லாம் பிரவுசரிலேயே. விளம்பரம் கிடையாது, கணக்கு கிடையாது. பார்க்க அரசு அலுவலகப் படிவம் மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள்.

அதில் மைன்ஸ் என்பது நாமெல்லாம் விண்டோஸில் ஆடிய அதே கண்ணிவெடி ஆட்டம்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். கடைசியில் இரண்டு கட்டம் மிஞ்சி, எதில் வெடி என்று காசு சுண்டிப் பார்க்கும் நிலை இதில் வராது. ஊகமே தேவைப்படாத கட்டங்களாகத்தான் அது உருவாக்கித் தரும். வெடித்தால் உங்கள் கணக்கில்தான் பிழை. 9-க்கு 9, வெடி 10 என்பதில் தொடங்குங்கள்.

லூப்பி என்று இன்னொன்று. ஜப்பானில் ஸ்லிதர்லிங்க் என்று பெயர். புள்ளிகள் வரிசையாக இருக்கும், அவற்றை இணைத்து ஒரே ஒரு மூடிய வளையம் போடவேண்டும். கட்டத்துக்குள் இருக்கும் எண், அந்தக் கட்டத்தின் நான்கு பக்கத்தில் எத்தனை பக்கம் கோடு வரும் என்று சொல்லும். கோலம் போடுகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றிப் போகும், இதில் புள்ளி மேலேயே போகும், அவ்வளவுதான். என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "அந்த மூலையில 3 இருக்கே, அதைப் போடாம என்னடா முழிக்கிற?" என்றார்.

அம்மா சொன்னதை விளக்குகிறேன், உங்கள் முதல் கட்டத்துக்கு உதவும். மூலையில் உள்ள கட்டத்தின் வெளி முனைப்புள்ளிக்கு இரண்டே கோடுகள்தான் சேர முடியும். வளையம் அந்தப் புள்ளிக்கு வந்தால் இரண்டு கோடும் உண்டு, வராவிட்டால் இரண்டும் இல்லை. பாதி வந்து நிற்க முடியாது. இரண்டும் இல்லை என்று வைத்துக்கொண்டால் அந்தக் கட்டத்துக்கு மிஞ்சுவது இரண்டே பக்கம், 3 எப்படி வரும்? ஆகவே மூலையில் 3 என்றால் வெளிக்கோடு இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அதே தர்க்கத்தில் மூலையில் 1 என்றால் வெளிக்கோடு இரண்டும் கிடையாது. 0-வும் 3-ம் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருந்தால், நடுக்கோடு இல்லை, 3-இன் மற்ற மூன்றும் உண்டு. இடது கிளிக் கோடு போடும், வலது கிளிக் "இங்கே கோடு இல்லை" என்று குறிக்கும். வலது கிளிக்கைப் பயன்படுத்தாமல் ஆடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. எங்கே இல்லை என்பதும் ஒரு தகவல்தான்.

நேரம்: சின்னக் கட்டம் ஐந்து நிமிடம், பெரியது அரை மணி. இது தானாக சேவ் ஆகாது. பாதியில் எழுந்தால் மெனுவில் சேவ் கொடுத்து ஃபைலாக இறக்கிவைக்கவேண்டும். அதே கட்டத்தை நண்பருக்குக் கொடுத்து யார் முந்துகிறார்கள் என்று பார்க்க, பக்கத்தின் அடியில் கேம் ஐடி என்று ஒரு லிங்க் இருக்கும், அதை அனுப்புங்கள்.

6. இப்போது அறைக்குள் போகலாம்

எஸ்கேப் கேமைத் தேடுகிறவர்கள் எல்லோருக்கும் முதலில் கிடைக்கும் பெயர் கிரிம்சன் ரூம். ஜப்பானின் தோஷிமிட்சு தகாகி 2004-இல் செய்தது. சிவப்பு அறை, ஒரு கட்டில், பூட்டிய கதவு. பெருமையெல்லாம் சரி, ஆனால் அதில் தொடங்காதீர்கள். கட்டிலின் ஓரத்தில் சரியான புள்ளியைத் தொட்டால்தான் பார்வைக் கோணம் மாறும். அது தெரியாமல் எத்தனை பேர் எத்தனை மணி நேரம் விட்டார்களோ. புதிர் என்பது யோசித்துக் கண்டுபிடிப்பது. திரை முழுக்க அரிசியில் கல் பொறுக்குவது போலக் கிளிக் செய்வது வேறு வேலை. நாலைந்து கேம் முடித்தபிறகு, பெரியவரைப் பார்த்துக் கும்பிட்டு வருவது போல ஒருமுறை போய் வாருங்கள்.

நான் சொல்வது கியூப் எஸ்கேப் வரிசை. ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரஸ்டி லேக் குழுவினர் 2015-இல் தொடங்கி 2018 வரை 10 கேம் வெளியிட்டார்கள். முதலாவது சீசன்ஸ். ஒரே அறை, நான்கு பருவங்கள், சுவரில் கடிகாரம், கூண்டில் ஒரு கிளி. நீங்கள் அறையின் நடுவில் நின்று நான்கு சுவரையும் மாறிமாறிப் பார்க்கிறீர்கள். தொடக்கூடியது எது, அலங்காரம் எது என்பதில் குழப்பம் இருக்காது. பொருளை எடுத்தால் ஓரத்துப் பட்டையில் வந்து உட்காரும். அதைத் தேர்ந்தெடுத்து, பயன்படுத்தவேண்டிய இடத்தைத் தொடவேண்டும். இந்த இலக்கணம் கைவந்துவிட்டால் மற்ற எஸ்கேப் கேம் எல்லாவற்றுக்கும் அதுவே போதும்.

எனக்கு ஒவ்வொன்றும் முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி ஆனது. வரிசையாக ஆடுங்கள், கதை ஒன்றோடொன்று கோத்திருக்கிறது. கடைசியாக வந்த பாரடாக்ஸ் தவிர மற்ற ஒன்பதையும் ஒரே மூட்டையாக காசுக்கும் விற்கிறார்கள். தனித்தனிக் கேம்கள் போனில் இலவச ஆப்பாகவும் உண்டு. பிரவுசரில் ஏதாவது ஒன்று ஓடாவிட்டால் இதற்கு மட்டும் ஆப் பக்கம் போகலாம்.

குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு இதை ஆடாதீர்கள். அழகான கோட்டோவியம் போலத் தொடங்கும், திடீரென்று ரத்தம் வரும். ஆர்ல் என்ற கேம் நடப்பது ஓவியர் வான் கோவின் படுக்கையறையில். அவர் காதை என்ன செய்துகொண்டார் என்று உங்களுக்குத் தெரியும், அது அங்கே வரும். கேஸ் 23 ஒரு கொலை விசாரணை. அக்கா மகள் எட்டு வயதுக்காரி பின்னால் நின்று பார்த்துவிட்டு ராத்திரி தனியாகப் படுக்கமாட்டேன் என்றாள். திட்டு எனக்கு. குழந்தைகளுக்கு என்றால் போலந்தின் மாத்தேயுஷ் ஸ்குட்னிக் செய்த 10 நோம்ஸ் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களுக்குள் புகுந்து புகுந்து 10 நிமிடத்துக்குள் 10 குள்ளர்களைக் கண்டுபிடிக்கவேண்டும். பயம் கிடையாது. ஆனால் நேரம் ஓடுவதால் வீட்டில் சத்தம் உண்டு.

அதே ஸ்குட்னிக்கின் சப்மெஷின் வரிசைதான் எனக்கு உச்சம். 2005 முதல் 2015 வரை பத்து எண் போட்ட கேம்கள். மனிதர்களே இல்லாத, இயந்திரம் முனகும் நிலவறைகள். எப்போதோ யாரோ விட்டுப்போன சீட்டுகள். இதற்கு ஹெட்போன் கட்டாயம். நோட்டும் கட்டாயம். முதலாவதை வரைபடம் இல்லாமல் முடித்துவிடலாம். நான்காவதான தி லேபில், மூன்று இலக்க எண்ணைப் போட்டு இடம் விட்டு இடம் பாயவேண்டும். அந்த எண்களைப் பார்த்த இடத்தோடு எழுதிவைக்காவிட்டால் தொலைந்தீர்கள். இவை ஃப்ளாஷ் காலத்துக் கேம்கள், மூன்றாவது படியில் சொன்னதெல்லாம் இதற்குப் பொருந்தும். 2023-இல் எல்லாவற்றையும் சேர்த்து லெகசி என்று ஒரு காசு கொடுத்து வாங்கும் பதிப்பும் வந்திருக்கிறது. முதல் இரண்டையும் இலவசமாக ஆடிப் பிடித்திருந்தால் அதைப் பற்றி யோசியுங்கள்.

நோட்டில் எப்படி எழுதுவது? பக்கத்தை நான்காக மடித்து, நான்கு சுவருக்கும் ஒரு கால்பகுதி கொடுப்பேன். பூட்டுகளை முதலில் எழுதுவேன்: "அலமாரி, 4 இலக்கம்", "பெட்டி, நிறம் 5", "இழுப்பறை, சாதாச் சாவி". பிறகு குறிப்புகளாகத் தெரிவதை: "ஓவியத்தில் பறவை, இடம் 3, வலம் 1". எந்தப் பூட்டுக்கு எத்தனை இலக்கம் என்பது தெரிந்தாலே பாதிக் குறிப்புகள் தம் பூட்டைத் தாமே தேடிக்கொள்ளும். பயன்படுத்திய குறிப்பை அடித்துவிடுங்கள். பெரும்பாலான கேம்களில் ஒரு குறிப்புக்கு ஒரு வேலைதான். நிறத்தை எழுதும்போது "நீ" என்று எழுதி, பிறகு நீலமா நீலப்பச்சையா என்று விழிக்காதீர்கள். நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் ஒருவரைக் கேட்பது நல்லது. நிறத்தை மட்டுமே நம்பிய புதிர்கள் இந்த வகையில் அதிகம்.

7. மாட்டிக்கொண்டால்

இருபது நிமிடம் ஒன்றும் நகரவில்லையா? இந்த வரிசையில் போங்கள்.

முதலில், பார்க்காத இடம். திரையின் நான்கு ஓரம், கட்டிலுக்கு அடி, அலமாரியின் பக்கவாட்டு, திறந்த கதவின் பின்புறம். எடுத்த பொருளைப் பட்டையிலேயே இன்னொரு முறை தொட்டுப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்பக்கம் எண் இருக்கும். புதியவர்கள் மாட்டுவதில் பாதி இங்கேதான். அடுத்து, கையில் உள்ள இரண்டு பொருளை ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள்.

அதிலும் நடக்கவில்லை என்றால் எழுந்துபோய்த் தண்ணீர் குடியுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பாத்ரூமில் வைத்துத்தான் எனக்கு மூன்று பூட்டு திறந்திருக்கிறது.

அப்புறம் வாக்த்ரூ, அதாவது கேமை முடிக்கும் வழியைப் படிப்படியாகச் சொல்லும் விடைக்குறிப்பு. ஜே இஸ் கேம்ஸ் என்ற பழைய விமர்சனத் தளத்தில் ஏராளமான எஸ்கேப் கேம்களுக்கு எழுத்து வடிவ வாக்த்ரூ கிடைக்கும். விடையை மறைத்து வைத்திருப்பார்கள், தொட்டால்தான் தெரியும். வீடியோ வாக்த்ரூ பார்க்காதீர்கள். ஒரு பூட்டுக்கு விடை தேடிப் போனால் அடுத்த மூன்று பூட்டின் விடையும் கண்ணில் பட்டுவிடும். எழுத்தில் என்றால் ஒரு வரி படித்துவிட்டு மூடிவிடலாம்.

அந்த ஒரு வரி உங்களுக்குச் சொல்வது இரண்டில் ஒன்றாக இருக்கும். "அடச்சே, இது கண்முன்னே இருந்ததே" என்று தோன்றினால் தப்பு உங்களுடையது, கேம் நல்ல கேம், தொடருங்கள். "இதை எவன் கண்டுபிடிப்பான்?" என்று தோன்றினால் தப்பு கேமுடையது. இரண்டாவது முறையும் அப்படித் தோன்றினால் அந்தக் கேமை விட்டுவிடுங்கள். வாக்த்ரூ சொன்னபடியே செய்தும் நடக்காவிட்டால் கேம் உடைந்திருக்கிறது. தினம் ஒன்று என்று கேம்களைக் கொட்டும் தளங்களில் இரண்டாவது வகைதான் மலிவு. வாழைப்பழத்தைக் குரங்குக்குக் கொடுத்தால் அது சுத்தியல் தரும், சுத்தியலால் பூசணிக்காயை உடைத்தால் சாவி. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. பேருந்துக்குக் காத்திருக்கும்போது ஆடலாம்.

8. சுவைக்கு இன்னும் சில

குரோ கியூப்: ஐஸ்மேஸ் என்ற ஜப்பானியத் தளத்தில் உள்ளது. ஒரு கன சதுரத்தின் மேல் 10 பொருள்களை ஒவ்வொன்றாக வைக்கவேண்டும். எதை முதலில், எதைப் பிறகு என்பதுதான் புதிர். ஒன்று வளர்ந்தால் இன்னொன்றுக்கு உதவும், வரிசை தவறினால் கெடுக்கும். சாத்தியமான வரிசைகள் 36,28,800. எண்ணைப் பார்த்து மிரளவேண்டாம், ஒரு ஆட்டம் இரண்டு மூன்று நிமிடம்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் எது எப்போது வளர்ந்தது என்று கவனித்தால் ஒரு மாலைப்பொழுதில் பிடித்துவிடலாம்.

எ டார்க் ரூம்: 2013-இல் மைக்கேல் டவுன்செண்ட் செய்தது. திறந்தால் வெள்ளைத் திரையில் நெருப்பு மூட்ட ஒரு பட்டன், அவ்வளவுதான். ஏமாற்றுவேலை என்று மூடிவிடாதீர்கள், பத்து நிமிடம் பொறுங்கள். இனிமேல் என்ன நடக்கும் என்று சொன்னால் பாவம். பல மணி நேரம் இழுக்கும், நாலைந்து நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். டேப்பைப் பின்னால் தள்ளிவிட்டு வேறு வேலை பார்த்தால் பிரவுசர் அதன் வேகத்தைக் குறைக்கக்கூடும், தனி ஜன்னலில் வையுங்கள். நான் நான்கு நாள் சேவ் இழந்தது இதில்தான். அடியில் சேவ் என்று சின்னதாக இருப்பதைத் தொட்டால் எக்ஸ்போர்ட் வரும். அப்போது நான் அதைப் பார்க்கவில்லை.

பஸில்ஸ்கிரிப்ட்: இது கேம் செய்யும் கருவி. இதில் செய்த நூற்றுக்கணக்கான குட்டிப் புதிர்கள் பிரவுசரில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலும் பெட்டி தள்ளும் வகை. அம்புக்குறியில் நகர்வு, எக்ஸ் செயல், இசட் பின்னோக்கிப் போக, ஆர் முதலிலிருந்து. இசட்டை வெட்கப்படாமல் அழுத்துங்கள், அதற்கு அபராதம் கிடையாது.

இட்ச் தளம்: சிறு படைப்பாளிகளின் சந்தை. விலையில் இலவசம், தளத்தில் வெப், குறிச்சொல்லில் பஸில் அல்லது எஸ்கேப் ரூம் என்று வடிகட்டுங்கள். சில கேம்களில் டவுன்லோட் அழுத்தியதும் பணம் கேட்பது போலப் பெட்டி வரும். பதறவேண்டாம், அதற்குள்ளேயே "வேண்டாம், நேராக டவுன்லோடுக்குப் போ" என்று ஒரு வரி இருக்கும். விரும்பினால் கொடுக்கலாம் என்ற வகை அது.

நியூயார்க் டைம்ஸின் ஆங்கிலச் சொல் புதிர்களான வேர்டில், கனெக்‌ஷன்ஸ் இரண்டும் தினம் ஒன்று இலவசம். பழைய நாள்களின் தொகுப்புக்குத்தான் சந்தா. கனெக்‌ஷன்ஸில் 16 சொற்களை நான்கு நான்காகப் பிரிக்கவேண்டும், நான்கு தவறுக்கு மேல் கிடையாது. அமெரிக்க டிவித் தொடர், பேஸ்பால் அணி, அங்கத்திய மிட்டாய்ப் பெயரெல்லாம் வரும். அதில் தோற்றால் உங்கள் ஆங்கிலத்தையோ மூளையையோ திட்டிக்கொள்ளாதீர்கள். அவர்கள் வந்து நம்மூர் பேருந்து நிறுத்தப் பெயர்களை நான்காகப் பிரிக்கட்டும் பார்ப்போம்.

9. ஜப்பானியக் கேம்கள்

கடைசியாக இதை வைத்தது பயமுறுத்த அல்ல. எஸ்கேப் கேமில் மிக நேர்த்தியானவை அங்கேதான் இருக்கின்றன. நியூட்ரல், தெஷ்ஷி-எ போன்றவர்களின் அறைகளைப் பார்த்தால் வீடு கட்டும்போது இப்படி ஒரு அறை வேண்டும் என்று தோன்றும். மொழி தெரியாதே என்றால், பெரும்பாலும் படிக்கவேண்டியதே இல்லை, எல்லாம் எண்ணும் நிறமும் வடிவமும்தான். பிரவுசரின் மொழிபெயர்ப்பை நம்பவேண்டாம். கேமுக்குள் இருக்கும் எழுத்து பெரும்பாலும் படம், அதை பிரவுசரால் படிக்க முடியாது. போன் கேமராவில் கூகுள் லென்ஸை வைத்துத் திரையைக் காட்டினால் வேலை முடிந்தது.

தெஷ்ஷி-எ கேம்களில் கதவு திறந்ததும் உடனே வெளியே ஓடிவிடாதீர்கள். அறைக்குள் ஹேப்பி காயின் என்று ஒரு நாணயத்தை ஒளித்திருப்பார். அது இல்லாமலும் வெளியேறலாம், எடுத்துக்கொண்டு போனால் முடிவு வேறு. கதவு திறந்த இடத்தில் சேவ் இருந்தால் ஒரு சேவ் போட்டுவிட்டு, திரும்பிப் போய் அறையை இன்னொரு சுற்று பாருங்கள். முதல் முறை நான் கவனிக்காமல் வெளியேறி, மொத்த அறையையும் மறுபடி முதலிலிருந்து திறந்துகொண்டு வந்தேன்.